பஞ்சாயத்துக் கணினியும் வெளியூர்த் தொடர்பும்

1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற தூத்துக்குடித் துறைமுகத்தின் வாயிலைப் பலரும் கண்டிருப்பர். உள்ளிருந்து சீட்டுப் பெற்றுச் சென்ற லாரி திரும்பினால் காவலர் அனுமதிப்பர். முன்பின் அறியாத வண்டியைத் தடுத்து நிறுத்துவர். அலுவலகக் கணினிகளை இணையத்துடன் சேர்க்கும் ரூட்டர் என்னும் கருவியும் இத்தகைய வாயிற்காவலனே.

பாரத்நெட் திட்டத்தின் கீழ்க் கண்ணாடி இழைக் கம்பி கிராமப் பஞ்சாயத்துகளை நாடி வருகிறது. தமிழ்நாட்டில் இப்பணியை டான்பிநெட் என்னும் அரசு நிறுவனம் ஆற்றிவருகிறது. ஆகவே, ஓட்டப்பிடாரம் ஒன்றிய அலுவலகத்திற்குச் சென்ற செயலர், தம் ஊர்க் கணினியிலுள்ள குடிநீர்க் கட்டணக் கணக்கை அங்கிருந்தே பார்க்க விரும்புதல் இயல்பே. ஆனால் அது எளிதில் இயலுவதில்லை. காரணம் யாது?

பழைய முறைப்படி இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே உண்டு. உலகிற்கு அவை போதா. எனவே 192.168 எனத் தொடங்குபவை போன்ற சில எண்களை எந்த அலுவலகமும் தன்னுள் வைத்துக்கொள்ளலாம் என 1996-இல் விதி வகுத்தனர். ஒரே எண் பல ஊர்களில் இருப்பதால், வெளியிலிருந்து அவ்வெண்ணைக் கொண்டு கணினியை அடைதல் இயலாது. உள்ளிருந்து சென்ற கேள்விக்கு வரும் விடையை மட்டும் ரூட்டர் உள்ளே விடும்.

இதற்கு இருவழிகள் உண்டு. ரூட்டரில் ஒரு வாயிலை நிரந்தரமாகத் திறந்துவைப்பது முதல் வழி. இது ஆபத்தானது. திறந்த வாயில்களைத் தேடி, கடவுச்சொற்களை ஓயாது மாற்றி மாற்றி முயலும் நிரல்கள் உலகெங்கும் இயங்குகின்றன. இரண்டாவது, ஊர்க் கணினியே முதலில் வெளியே சென்று நம்பகமான இடைநிலைக் கணினியுடன் தொடர்பு கொள்வது. செயலரும் அதே இடத்திற்கு வந்து, வி.பி.என். என்னும் மறைகுறியீட்டுப் பாதை வழியே அதனைச் சந்திக்கலாம். ரூட்டரின் வாயிலைத் திறக்க வேண்டுவதில்லை; இதுவே சிறந்தது.

எனினும் கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் இரண்டாம் குறியீடும் கட்டாயமாதல் வேண்டும். பணி மாறிச் சென்றவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். கணக்குகளின் நகலைத் தனி வட்டில் எடுத்துவைத்தல் இன்றியமையாதது.

அக்கணினியில் இருப்பவை ஊர்மக்களின் வரிக் கணக்குகள். அவை அழிந்தால் நட்டம் ஊருக்கே. ஆகவே, யாருக்கு அனுமதி என்பதைக் கருவி பொருத்த வந்தவரிடம் விட்டுவிடாது, பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே உறுப்பினர்கள் தீர்மானித்தல் நலம்.