கூழாங்கல் இடுக்கை அடைக்கும் மண்

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையொன்றில் கோடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும் மே ஈயின் இளம்பூச்சி, வயிற்றின் இருபக்கமும் உள்ள செவுள்களைப் படபடவென அசைத்துக்கொண்டிருக்கும். அருகிலேயே மணலைப் பட்டிழையால் கோத்துக் கூடு கட்டிய காடிஸ் புழு. ஓடை மீன்கள் பலவற்றுக்கு இவைதான் இரை.

இவை மண்ணே கலக்காத தண்ணீரில் வாழ்பவை அல்ல. மழைக்காலத்தில் எந்த ஓடையும் செம்மண் நிறத்தில் புரண்டு ஓடும். ஓராண்டில் அடித்துச் செல்லப்படும் மண்ணில் பெரும்பங்கு சில பெருமழை நாட்களிலேயே போய்விடும். காடு நிற்கும் மலையில், மழை விட்டதும் தண்ணீர் தெளியத் தொடங்கும். அந்தக் குறுகிய கலங்கலைக் கல்லிடுக்கில் ஒதுங்கியே பல உயிர்கள் தாண்டிவிடும்.

கேடு, தெளியாத கலங்கலில்தான். நுண்மண் செவுளை அடைக்கிறது. வெளிச்சம் குறைந்து, கல்மேல் பாசி வளர்வதில்லை. அதைச் சுரண்டித் தின்னும் கர்ரா இன மீன்கள் பட்டினி கிடக்கின்றன. கடைசியில் மண் கூழாங்கல் இடுக்குகளில் படிகிறது. அங்கே இட்ட முட்டைகளுக்குப் பிராணவாயு கொண்டுபோகும் நீரோட்டம் நின்றுவிடுகிறது. மேலே தண்ணீர் தெளிந்த பிறகும் அடியில் இந்தச் சேதம் தொடரும்.

தண்ணீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 25 மில்லிகிராம் வரை இருந்தால் மீன்வளத்துக்குத் தீங்கில்லை, 80ஐத் தாண்டினால் நல்ல மீன்வளம் அரிது என்று ஐரோப்பிய உள்நாட்டு மீன்வள ஆலோசனைக் குழு 1960களில் வரையறுத்தது. அளவு மட்டும் போதாது, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1991இல் நியூகோம்ப், மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர்கள் வலியுறுத்தினர். நம் மலைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, கர்நாடகத்தின் குதிரேமுக்கில், பத்ரா நதியின் தலைமாட்டிலேயே இரும்புத்தாதுக்காக மலையைத் திறந்து வெட்டினார்கள். அதுவும் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில்! மூடியிருந்த புல்லும் சோலையும் போனபின் அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை நிறுத்த உத்தரவிட்டது. 2005 முடிவில் சுரங்கம் நின்றது. நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் தொடங்கிய கோதவர்மன் வழக்கின் தொடர்ச்சியாகவே அந்த உத்தரவு வந்தது.

சுரங்கம் இல்லாத மலைகளிலும் சாலை விரிவாக்கத்தில் வெட்டிய மண்ணை ஓடைப் பள்ளத்தில் தள்ளுகிறார்கள். சிறு தூறலுக்கே அது கரைந்து இறங்கும். கோடையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட்டு ‘ஓடை நலம்’ என்று எழுதினால் இது சிக்காது. மழை பெய்யும்போதே, மண் கொட்டிய இடத்துக்கு மேலும் கீழும் மாதிரி எடுக்க வேண்டும். மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் தெளிகிறது என்றும் குறிக்க வேண்டும்.