அப்பாவோட அம்பாசடரை விக்கணுமா? பேரீச்சம்பழத்துக்குப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய தனி வீடுகள் ஒவ்வொண்ணா அபார்ட்மென்ட்டா மாறிட்டு இருக்கு. உங்க வீட்டுலயும் பில்டரோட அக்ரிமென்ட் போட்டாச்சுனு வெச்சுக்குவோம். மூணு மாசத்துல காலி பண்ணணும். பீரோ, ஊஞ்சல் எல்லாத்துக்கும் இடம் பார்த்தாச்சு. போர்ட்டிகோவுல கவர் போட்டு நிக்கிற அப்பாவோட காருக்கு மட்டும் இடம் இல்ல.

"எடைக்குத்தான் சார் எடுப்பாங்க"னு ஒருத்தர் சொல்றார். "விண்டேஜ் சார், லட்சக்கணக்குல போகும்"னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டு பேரையும் அப்படியே நம்பாதீங்க. கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

எந்த வண்டிக்கு மதிப்பு?

பழசு என்பதாலேயே விலை ஏறாது. அம்பாசடர் 2014 வரைக்கும் தயாரானது. அதனால 90கள்ல வந்த வண்டிகள் இன்னும் நிறைய இருக்கு. 60கள்ல, 70கள்ல வந்து, ஒரிஜினல் இன்ஜினோட இருக்கிற வண்டியோட கதை வேற. பெட்ரோல் இன்ஜினை எடுத்துட்டு டீசல் இன்ஜின் மாத்தியிருந்தா, கலெக்டர்கள் விலையைக் குறைச்சுத்தான் கேட்பாங்க.

2021ல வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிதான் 'விண்டேஜ்'. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா அந்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், சர்வீஸ் மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான் வெளிய எடுக்கலாம்.

முழுசா விக்கலாமா, பார்ட்ஸா விக்கலாமா?

புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் விசாரிச்சுப் பாருங்க. பாடி துருப்பிடிச்சுப் போயிருந்தாலும் கிரில், ஹெட்லைட் ரிங், மீட்டர், கியர்பாக்ஸுக்குத் தனியா ஆள் இருக்கலாம். நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்குங்க. இன்ஜின் பாகங்கள் பிரிட்டன் ட்ரையம்ஃப் ஹெரால்டோட குடும்பம்தான், வெளிநாட்டுல தேடலாம். நாலு கதவு பாடி இந்தியாவுல மட்டும்தான் வந்தது. அதனால நல்ல கதவு ஒண்ணு இருந்தா, அதைத் தேடற ஆளுக்கு அது பொக்கிஷம்.

பிரிச்சு விக்கறதா இருந்தா, 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி.யை ரத்து பண்ணிடுங்க. இல்லன்னா, இல்லாத வண்டிக்கு நீங்க ஓனரா இருப்பீங்க.

காத்திருந்தா லாபமா?

ஒரு உதாரணம். இன்னைக்கு ஒருத்தர் 1.5 லட்சம் தர்றார். ரெண்டு வருஷம் பொறுத்தா 2 லட்சம் கிடைக்கும்னு நீங்க நினைக்கறீங்க. வெளிய பார்க்கிங் வாடகை மாசம் 3,000னா, ரெண்டு வருஷத்துல 72,000. மிச்சம் 1,28,000தான். அதே 1.5 லட்சத்தை 7% எஃப்.டி.யில போட்டா சுமார் 1,71,700. அதாவது 'பொறுமை'க்கு நீங்க கொடுக்கிற விலை கிட்டத்தட்ட 43,700 ரூபாய்! இன்சூரன்ஸையும் எஃப்.சி. செலவையும் இதுல சேர்க்கவே இல்ல.

சந்தையும் மாறிட்டு வருது. இந்த வண்டியில ஸ்கூலுக்குப் போன தலைமுறைக்கு வயசாகுது. கன்டெஸா, மாருதி 800ல வளர்ந்தவங்க இப்போ வாங்கற இடத்துக்கு வந்துட்டாங்க. போதாக்குறைக்கு இ20 பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டியோட ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்டுக்கு எத்தனால் ஆகாது. வாங்கறவர் இந்தச் செலவையும் கழிச்சுட்டுத்தான் விலை சொல்வார்.

பேப்பர்ல கோட்டை விடாதீங்க

ஆர்.சி. இன்னும் காலமான அப்பா பேர்லயா? இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோட படிவம் 31 கொடுத்து முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. அப்புறம் விக்கும்போது படிவம் 29, 30. "நான் பார்த்துக்கறேன் சார்"னு வாங்கறவர் சொன்னா விட்டுடாதீங்க. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடும் அவர் தலையிலதான்னு உச்ச நீதிமன்றம் 2018ல தெளிவா சொல்லிடுச்சு.

வரி? சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்குல தேய்மானம் காட்டியிருந்தா மட்டும் ஆடிட்டரைக் கேளுங்க. 18% ஜி.எஸ்.டி.யும் பதிவு பண்ணின வியாபாரிக்கு, அவரோட லாபத்து மேலதான். உங்களுக்கு இல்ல. ஆனா 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

கடைசியா ஒண்ணு. விக்கறதுக்காகப் பெயின்ட் அடிக்காதீங்க. கழுவி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, பழைய பில்களையும் சாவிகளையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. மூணு பேர்கிட்டயாவது விலை கேளுங்க.

கணக்கெல்லாம் பார்த்த பிறகும் மனசு வரலையா? தாராளமா வெச்சுக்குங்க. ஆனா அதை முதலீடுனு சொல்லிக்காதீங்க. அது பாசம். பாசத்துக்கும் மாசாமாசம் ஒரு பட்ஜெட் போட்டுடுங்க.