அடுப்பிற்கு முன் தராசு

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் நெடுஞ்சாலையிலே ஒட்டுசுட்டான் என்னும் ஊர் அமைந்துள்ளது. குரக்கன் அரிந்தபின் எஞ்சிய ஒட்டினைச் சுட்ட இடத்திலே சிவலிங்கம் தோன்றியமையால் இப்பெயர் வந்ததென்பது அங்குள்ள தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தைச் சார்ந்த ஐதிகம். அருகே முத்தையன்கட்டுக் குளமும் அதன் நீர் பாயும் வயல்களும் உள்ளன. கிழக்கே சென்றால் முல்லைத்தீவுக் கடல். அரிசியும் மரக்கறியும் மீனும் இவ்வாறு அண்மையிற் கிடைக்கும் ஊரிலே சாப்பாட்டுக் கடை நடத்துவது எளிதென்றே எவரும் எண்ணுவர். ஆயின், பொருள் அருகில் இருப்பது வேறு. அதனை அறிந்து வாங்குவது வேறு.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. சமையல் எரிவாயுவும் அவ்வாண்டு கிடைத்தற்கு அரிதாயிற்று. இத்தகைய காலத்தில் கடைக்காரருக்கு முதலில் தோன்றுவன இரண்டு வழிகள்: ஒன்று விலையை ஏற்றுதல், மற்றது கறியைக் குறைத்தல். இரண்டும் உண்பவரையே வருத்துவன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது அடுப்படியிலன்று, பொருள் வாங்கும் வாசலிலே தொடங்குகின்றது.

முதலாவது, வாங்கிய விலை வேறு, அடங்கிய விலை வேறு. மீனொன்று கிலோ 1,000 ரூபா என வைத்துக்கொள்வோம். 10 கிலோ வாங்கிச் செதிலும் குடலும் தலையும் நீக்கினால் 6 கிலோவே எஞ்சுமாயின், கறிக்காகும் மீனின் விலை கிலோ 1,667 ரூபா. மற்றொரு மீன் கிலோ 1,400 ரூபா. அதில் 9 கிலோ தேறுமாயின் விலை 1,556 ரூபாதான். மலிவு எனக் கண்டது விலை கூடியதாகவும், விலை கூடியதெனக் கண்டது மலிவாகவும் மாறிவிட்டன! தலையைச் சொதிக்கு எடுப்போமாயின் கணக்கு மீண்டும் மாறும். ஆகவே துப்புரவாக்கிய பின்னும் ஒரு முறை நிறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, காலமறிந்து வாங்குதல். வன்னியிலே பெரும்போக நெல் மாசி, பங்குனியில் களத்துக்கு வரும். அப்போது விலை தணியும். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும் என்பதையும் குற்றுகூலியையும் சேர்த்துப் பார்த்தே கடையரிசியுடன் ஒப்பிடல் வேண்டும். நெல், செத்தல் மிளகாய் போன்று இருக்கக் கூடியவற்றை மொத்தமாகவும், கீரை, மீன் போன்றவற்றை அன்றன்றைக்கும் வாங்குதல் முறை. முன் வந்த மூட்டையே முன்னர் அவிழ்க்கப்படுதலும் வேண்டும்.

மூன்றாவது, மாதக் கணக்கு. மாதத் தொடக்கத்தில் 40,000 ரூபாப் பொருள் கையிருப்பு, வாங்கியது 2,60,000, இறுதியில் எஞ்சியது 50,000 எனில், செலவான பொருள் 2,50,000 ரூபா. விற்பனை 6,25,000 ரூபாவாயின் உணவுச் செலவு 40 வீதம். அடுத்த மாதம் அதே விற்பனைக்கு இது 46 வீதமாயின் 37,500 ரூபா எங்கோ போயிற்று. விலையேற்றமா, வீணானதா, அகப்பையின் அளவு கூடியதா எனத் தேட இக்கணக்கே வழிகாட்டும்.

பேர்பெற்ற சமையலறைகளுக்கும் இவ்விதி பொருந்தும். லண்டன் சவோய் ஹோட்டலில் தலைமைச் சமையற்காரராக விளங்கிய பிரெஞ்சு நாட்டவர் எஸ்கோஃபியே 1898இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பொருள் வழங்கிய வணிகரிடம் தரகு பெற்றதை 1900இல் அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். பொருளுக்குச் சொல்லி அனுப்புபவர், நிறுத்து ஏற்பவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரும் ஒருவராயிருத்தல் ஆகாதென்பது இதனாற் பெறப்படும். குடும்பமாக நடத்தும் சிறு கடையிலும் ஒருவர் நிறுக்க மற்றவர் எழுதலாம்.

வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்களை நம்மிற் பலர் அறிவர். பாரம்பரிய உணவுகளை உண்பவர் கண்முன்னே சமைத்துக் குறைந்த விலைக்கு விற்கின்றனர். உள்ளூர்த் தானியத்தை நாடுவதும் வேண்டுமளவே சமைப்பதும் செலவை அடக்கும் நல்வழிகளாம்.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. கேட்டவருக்கு இன்னுமொரு பிடி சோறு மறுத்தல் நம் மரபன்று. அப்பிடி சோற்றையும் முன்கூட்டியே கணக்கிற் சேர்த்து விலை வகுத்தவரே மனங்கோணாது இட முடியும். போர் ஓய்ந்த 2009இன் பின் மீளக்குடியமர்ந்து, சிறு முதலுடன் கடை தொடங்கிய குடும்பங்கள் வன்னியிலே பல. அவர்களுடைய பிள்ளைகளின் புத்தகமும் உடுப்பும் அந்த அடுப்பிலிருந்தே வரவேண்டும். வீதக் கணக்குப் படிக்கும் மாணவர்கள் மாலையில் அரைமணி நேரம் தாயின் கணக்கேட்டை எழுதிக் கொடுப்பார்களாயின், அந்தப் படிப்பு வீட்டுக்கும் சோறு போடும்.