வெள்ளம் எந்தத் தெருவுக்கு வரும்?

ஒரே மழை, அடுத்தடுத்த இரு தெருக்கள். ஒன்றில் வாசற்படியோடு நீர் நின்றுவிடுகிறது. மற்றொன்றில் வீட்டுக்குள் முழங்காலளவு புகுந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும். ஆனால் மழையின் அளவு தெரிந்தால் மட்டும் போதாது. தரையின் உயரமும் தெரிய வேண்டும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரை கடந்தது. ஆற்றை ஒட்டிய கோட்டூர்புரம் மட்டுமன்றி, ஆற்றிலிருந்து விலகித் தாழ்ந்து கிடக்கும் வேளச்சேரியிலும் வெள்ளம் சூழ்ந்தது. சென்னை ஏறத்தாழத் தட்டையான கடற்கரைச் சமவெளி. இத்தகைய நிலத்தில் ஓரடி உயர வேறுபாடே நீரின் போக்கை மாற்றிவிடும்.

படம் உருவாகும் விதம்

நகரைச் சதுரங்கப் பலகைபோல் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் கணிப்பொறியில் பதிகின்றனர். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் உண்டல்லவா? அவற்றுள் எந்தப் பக்கம் சரிவு மிகுதியோ, அந்தப் பக்கமே நீர் ஓடும் எனக் கொள்ளலாம். இவ்வாறு கட்டம் கட்டமாகத் தொடர்ந்தால் நீர் ஓடும் தடங்களும், வழியின்றித் தேங்கும் பள்ளங்களும் புலப்படும். இதன்மீது வடிகால்கள், கட்டடங்கள், மக்கள்தொகை ஆகியவற்றின் படங்களைப் பொருத்துகின்றனர். வெறும் பள்ளத்தில் நீர் தேங்கினால் இழப்பில்லை. அங்கே குடியிருப்போ மருத்துவமனையோ இருந்தால்தான் அது அபாயம்.

உயரத்தை அளப்பது எப்படி?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள்களில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. அப்படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். ரேடார் அலைகள் மரங்களிலும் மொட்டை மாடிகளிலும் பட்டுத் திரும்புவதால், உயரத்தில் சில மீட்டர் பிழையும் நேரலாம். மலைநாட்டில் இது பெரிதன்று. ஓரடியில் வெள்ளம் திசைமாறும் நகரிலோ, மேட்டைப் பள்ளமென்றும் பள்ளத்தை மேடென்றும் காட்டிவிடும்.

எனவே விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கின்றனர். ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்கிறது. தரை 15 செ.மீ. உயர்ந்தால், ஒளி போய்வரும் தூரம் 30 செ.மீ. குறையும், நேரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு குறையும். ஒரு படிக்கட்டின் உயரத்தை அறிய இவ்வளவு நுண்ணிய கடிகாரம் வேண்டியிருக்கிறது!

நாமும் அளக்கலாம்

இதே வேலைக்கு எளிய கருவியொன்று கொத்தனாரிடம் உண்டு. நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்தான் அது. அதன் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரு வீட்டு வாசல்களில் அதைப் பிடித்து, தரையிலிருந்து நீர்மட்டத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். எந்த வாசல் எவ்வளவு தாழ்ந்தது என்பது சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். அடுத்த வெள்ளம் வடிந்ததும், சுவரில் படிந்த கறையின் உயரத்தைத் தேதியுடன் குறித்து வையுங்கள். படம் சொன்னது சரிதானா என்று சோதிக்க ஆய்வாளர்கள் தேடுவது இத்தகைய குறிப்புகளையே.