காரைக்குடி காளையின் முதல் கேப்டன்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடர் 2016இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. அவற்றில் ஒன்றான காரைக்குடி காளைக்குக் கேப்டன் எஸ். பத்ரிநாத். அணி மாறி அணி ஆடிப் பிழைக்கும் தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கைக்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

1980இல் பிறந்த பத்ரிநாத், தமிழ்நாட்டு ரஞ்சி அணியின் நடுவரிசைத் தூணாகப் பல ஆண்டுகள் நின்றார். முதல்தரப் போட்டிகளில் 10,000 ரன்களுக்கு மேல் குவித்தார், சராசரி 54. ஆனால் திராவிட், லக்ஷ்மண் இருந்த இந்திய நடுவரிசையில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. 2010இல் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அறிமுகமாகி 56 ரன் எடுத்தும், இரண்டு டெஸ்ட்களோடு வாய்ப்பு முடிந்தது. 2011இல் ஆடிய ஒரே சர்வதேச டி20இல் ஆட்டநாயகன் விருது பெற்றார். சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011இல் கோப்பை வென்றபோது அணியில் இருந்தார்.

ரஞ்சி அணிகள் வெளிமாநில வீரர்களை ஊதியத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். இளைஞர்களுக்கு வழிகாட்ட அனுபவசாலிகள் தேவைப்படுவதே காரணம். 2014இல் தமிழ்நாட்டை விட்ட பத்ரிநாத் அவ்வாறே விதர்பாவுக்கும், பின்னர் ஐதராபாத்துக்கும் ஆடினார்.

காரைக்குடி காளை பெயரளவில்தான் செட்டிநாட்டு அணியாக இருந்தது. முதல் பருவத்தின் ஆட்டங்கள் சென்னை, நத்தம், திருநெல்வேலி மைதானங்களில் நடந்தன. பத்ரிநாத் 2018இல் ஓய்வு பெற்றார். அணியும் பிற்பாடு இடம்பெயர்ந்து திருப்பூர் தமிழன்ஸ் ஆனது.