கட்டுமர மீன்பிடிப்பு

கட்டுமர மீன்பிடிப்பு என்பது, மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து அமைக்கப்படும் கட்டுமரத்தில் துடுப்பு வலித்துச் சென்று கடலில் மீன் பிடிக்கும் முறையாகும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டத்தின் கரையோர மீனவர்களும் இதனைக் கையாண்டு வந்தனர். "கேட்டமரான்" என்னும் ஆங்கிலச் சொல் இதன் பெயரிலிருந்து தோன்றியதாகும்.

அமைப்பு

மேலேறும் அலைநீர் கட்டைகளின் இடைவெளி வழியே வடிந்துவிடுவதால், கட்டுமரம் நீர் நிரம்பி மூழ்குவதில்லை. மேலே அமர்ந்து செலுத்தும் தற்காலக் கயாக்குகளில் வடிதுளைகள் இப்பணியைச் செய்கின்றன.

தொடக்கநிலைப் பயிற்சி

இவ்விரு கலங்களிலும் புதியவருக்குள்ள பெரிய இடர் கவிழ்தல் ஆகும். அலைகள் உடையும் கரையோரப் பகுதியில் இது மிகுதி. எனவே தூண்டில் போடுவதற்கு முன்னரே, அலையை முகப்பால் எதிர்கொண்டு கடக்கவும், கவிழ்ந்தபின் கலத்தில் மீண்டும் ஏறவும் பழக வேண்டும். உயிர்காப்பு மேலாடை இன்றியமையாதது. விடியற்காலையில் வீசும் நிலக்காற்று கடலுக்குள் செல்ல உதவும். ஆனால் அதே காற்று வலுத்தால் கரை திரும்புதல் கடினமாகும். பிற்பகல் கடற்காற்று திரும்புவதற்குத் துணைபுரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம் பயிற்சிக்கு ஏற்றதன்று.

இன்றைய நிலை

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், பல மீனவ ஊர்களில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்தன.