மிட்சைஸ் எஸ்யுவி எடுக்கப் போறீங்களா? ரிப்பேர் பில் யார் கணக்குல ஏறும்னு முதல்ல பாருங்க



நெய்வேலியில வேலைக்குச் சேர்ந்து, ப்ரொபேஷன் முடிஞ்சு, கையில கொஞ்சம் சேமிப்பும் வந்தாச்சுன்னா அடுத்து வர்ற ஆசை பெரும்பாலும் ஒரு மிட்சைஸ் எஸ்யுவி. கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் மாதிரி வண்டிகள். ஆசை தப்பே இல்லை. ஆனா ஷோரூம்ல சன்ரூஃப் பத்திக் கேட்கிற அளவுக்கு, வண்டியில என்ன குறை வரும், வந்தா யார் காசு கட்டணும்னு நாம கேட்கிறதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம். மாத இஎம்ஐ சுமார் 19,300 ரூபாய். வட்டி மட்டும் 4.2 லட்சத்துக்கு மேல. சம்பளக்காரரா சொந்த உபயோகத்துக்கு எடுக்கிற காருக்கு இந்த வட்டியில வரிச் சலுகை எதுவும் கிடையாது. வண்டி மூணு வாரம் ஒர்க்‌ஷாப்புல நின்னாலும் இஎம்ஐ நிக்காது. அதனால, எந்தப் புகாரையும் மூணு கணக்குல ஒண்ணுல எழுதிப் பாருங்க.

1. ரீகால்: முழுச் செலவும் கம்பெனிக்கு

நம்ம தமிழ்நாட்டுல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தயாராகுற கிரெட்டாவையே எடுத்துக்கோங்க. 2024 பிப்ரவரியில ஹூண்டாய், கிரெட்டா, வெர்னா ரெண்டுலயும் சேர்த்து 7,698 வண்டிகளைத் திரும்ப அழைச்சுது. 1.5 லிட்டர் பெட்ரோல், ஐவிடி ஆட்டோமேட்டிக் வண்டிகள். எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப்போட கன்ட்ரோலர்ல குறை. அதே மாசம் அதே காரணத்துக்காக கியா 4,358 செல்டோஸை அழைச்சுது. 2025 நவம்பர்ல மாருதி 39,506 கிராண்ட் விட்டாராவை அழைச்சுது. பெட்ரோல் அளவைக் காட்டுற மீட்டரும் எச்சரிக்கை விளக்கும் சரியாக் காட்டாம போகலாம்னு சந்தேகம்.

ரீகால் வந்தாலே மோசமான வண்டின்னு முடிவு பண்ணாதீங்க. குறையை ஒத்துக்கிட்டு இலவசமா சரி செய்றாங்க, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியவங்க செகண்ட்ஹேண்ட் வாங்குறவங்க. முதல் ஓனருக்குப் போன அழைப்பு உங்களுக்கு வராது. சேசிஸ் நம்பரை கம்பெனி வெப்சைட்லயோ சர்வீஸ் சென்டர்லயோ கொடுத்து, ரீகால் வேலை பாக்கி இருக்கான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

2. வாரன்டி: கம்பெனிக்குத்தான், ஆனா நிபந்தனையோட

டச் ஸ்க்ரீன் தொங்குறது, சென்சார் கோளாறு, ஏசி கம்ப்ரஸர், சஸ்பென்ஷன் சத்தம் எல்லாம் இங்க வரும். ஆனா கிளட்ச், பிரேக் பேட், வைப்பர் மாதிரி தேயுற பொருட்களுக்கு வாரன்டி கிடைக்காது, இல்லேன்னா ரொம்பக் குறைவா இருக்கும். சர்வீஸை நாள் தள்ளிப் போட்டாலும், வெளியில வயரிங் வெட்டி லைட், ஹாரன் மாட்டினாலும் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

நெய்வேலிக்காரங்க ஓனர்ஸ் மேனுவல்ல ஒரு பக்கத்தைக் கண்டிப்பா படிக்கணும். சாதாரண சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்துல, கடினமான சூழலுக்குன்னு தனி அட்டவணை இருக்கும். புழுதி ரோடு, அடிக்கடி குறைந்த தூர ஓட்டம் ரெண்டும் அதுல வரும். பழுப்பு நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கிற ஊர்ல, ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் சீக்கிரம் மாத்துறது வீண் செலவு இல்லை.

3. பொருத்தமின்மை: முழுச் செலவும் உங்களுக்கு

அதிகப் பணம் போறது இங்கதான். வண்டியில குறை இருக்காது. உங்க ஓட்டத்துக்கு அது ஒத்துவராது.

டீசலைப் பாருங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுல இருந்து டீசல் கார்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. புகைக்கரியைப் பிடிச்சு வெச்சு, அப்புறம் சுமார் 600 டிகிரி சூட்டுல எரிச்சுத் தள்ளும். அந்தச் சூடு வரணும்னா நல்ல வேகத்துல நிக்காம கொஞ்ச நேரம் ஓடணும். குவார்ட்டர்ஸ்ல இருந்து சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ போய், ஷிஃப்ட் முடிஞ்சு திரும்புற ஓட்டத்துல இன்ஜின் சூடாகுறதுக்குள்ள வீடு வந்துடும். கரி சேரும், விளக்கு எரியும், கண்டுக்காம விட்டா வண்டி வேகமே எடுக்காது. பாதியில நின்னு போன எரிப்பால டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆர்ச் கேட் தாண்டி அடிக்கடி நெடுந்தூரம் போறவங்களுக்கு டீசல் சரி. டவுன்ஷிப்புக்குள்ளயே சுத்துறவங்களுக்கு பெட்ரோல் போதும்.

அடுத்து டர்போ பெட்ரோலோட வர்ற டிசிடி கியர்பாக்ஸ். டிரை கிளட்ச் வகைன்னா, நின்னு நின்னு நகர்ற டிராஃபிக்ல சூடாகும். நெய்வேலியில அது பெரிய பிரச்சினை இல்லை. நாளைக்குச் சென்னைக்கு வேலை மாறினா பிரச்சினைதான்.

மூணாவது மைலேஜ். பெட்ரோலைவிட எத்தனால்ல லிட்டருக்குச் சுமார் மூணுல ஒரு பங்கு எரிசக்தி குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 போடுறப்போ மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெட்ரோல் பட்ஜெட்டை பிரசுரத்துல போட்ட மைலேஜை வெச்சுப் போடாதீங்க.

குறை தீரலைன்னா என்ன செய்யணும்?

ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டுல புகாரை உங்க வார்த்தையில எழுதச் சொல்லுங்க. “ஜெனரல் செக்கப்”னு மட்டும் எழுதினா கையெழுத்துப் போடாதீங்க. ஒரே குறைக்கு நாலு ஜாப் கார்டு இருந்தா அதுதான் உங்க ஆதாரம். வாய்ப்பேச்சு போதாது, இமெயில் அனுப்புங்க.

அதுக்கும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற, வேலை பார்க்கிற இடத்துலயே வழக்குப் போடலாம். நெய்வேலிக்கு அது கடலூர் மாவட்டம். கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரை கட்டணம் வெறும் 400 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள்ள போகணும். “அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்”னு அவங்க தள்ளிப் போடுறப்போ ஓடுறது உங்க காலக்கெடுதான். ஒரு விஷயம்: வண்டியையே மாத்திக் கேட்டா, அது தயாரிப்புக் குறைன்னு நீங்க நிரூபிக்கணும். அதுக்கு நிபுணர் அறிக்கை தேவைப்படலாம். ரிப்பேர், நஷ்டஈடு வாங்குறது ஒப்பீட்டளவுல சுலபம்.

புக்கிங் பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் செய்ங்க

• ஒரு மாசம் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடுன்னு எழுதுங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் அதுக்கு அப்புறம்தான்.

• வாரன்டி புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எதுக்கெல்லாம் கிடையாதுங்கிற பக்கத்தைப் படிங்க. எக்ஸ்டெண்டட் வாரன்டிக்கும் இதே விதிதான்.

• இஎம்ஐ போக மாசம் 4,000 ரூபாயாவது தனி ஆர்டியில போடுங்க. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அதுல இருந்து போகட்டும். நாலு டயர் மாத்தினாலே ஒரு மாச இஎம்ஐ-யைத் தாண்டிடும்.

• 10 லட்சத்துக்கு மேல விலைன்னா டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பாரு. 14 லட்சம் வண்டிக்கு 14,000 ரூபாய். இது செலவு இல்லை, உங்க பான் நம்பர்ல ஏறின முன்கூட்டிய வரி. 26ஏஎஸ்-ல சரிபார்த்து ரிட்டர்ன்ல கட்டாயம் க்ளெய்ம் பண்ணுங்க.

இந்த 4,000 ரூபாயையும் சேர்த்து மாசச் செலவு உங்க கைக்கு வர்ற சம்பளத்துல கால் பங்கைத் தாண்டுதுன்னா, சின்ன வண்டியா பாருங்க, இல்லைன்னா இன்னும் ஒரு வருஷம் முன்பணம் சேருங்க. டிசிஎஸ் க்ளெய்ம் பண்றது எப்படின்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீனோட காட்டுறேன்.